லப்டொப் கேள்வி பதில்: லினக்ஸ் போட்டாச்சு, இனி நெட் எப்பிடி எடுக்கிறது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதில இருந்து எனக்கு வாற கடிதங்கள் மாறிப்போச்சு. முந்தி எந்த லப்டொப் வாங்கலாம் எண்டு கேட்டவை இப்ப வீட்டில கிடந்த பழசுக்கு லுபுண்டு போட்டுட்டன், மின்ட் போட்டுட்டன் (ரெண்டும் விண்டோஸுக்குப் பதிலா இலவசமா போடக்கூடிய லினக்ஸ் வகைகள்), மெசின் பறக்குது, ஆனா நெட் மட்டும் வரேல்ல எண்டு எழுதினம். அதால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்குத்தான். நெட் வரேல்ல எண்ட ஒரே காரணத்துக்காக திரும்பவும் கடையில குடுத்து, காசும் குடுத்து, கள்ள விண்டோஸ் ஏத்திக்கொண்டு வாற ஆக்களைக் கண்டால் எனக்கு மனசு கேக்கிறேல்ல, ஏனெண்டால் அநேகமா அது வீட்டு மேசையில வச்சே சரிப்பண்ணக்கூடிய விசயம்.

*

கேள்வி: தம்பி, மகன் அடுத்த வருசம் ஏ.எல். எடுக்கப்போறார். சூம் கிளாசுக்கு புது லப்டொப் வாங்க இப்ப வசதியில்லை. என்ட தம்பி லண்டன் போகேக்க விட்டுட்டுப் போன பழைய லப்டொப் ஒண்டு கிடந்தது, பக்கத்து பிளட்டில இருக்கிற பிள்ளை வந்து லுபுண்டு போட்டுக் குடுத்தது. எழுதலாம், படம் பாக்கலாம், எல்லாம் ஓடுது. ஆனா வைஃபை எண்ட சொல்லே எங்கயும் இல்லை. எங்கட போன்களுக்கு வைஃபை நல்லா வருகுது. லப்டொப் பழுதாப் போச்சோ?
(ஒரு அம்மா, வெள்ளவத்தை)

பதில்: பழுதில்லை அம்மா, பயப்படாதேங்கோ. முதல்ல லப்டொப்பைக் கையில தூக்கி முன் விளிம்பையும் ரெண்டு பக்கத்தையும் விரலால தடவிப் பாருங்கோ. அந்தக் காலத்து லப்டொப் கனக்கத்தில நகத்தளவில ஒரு சின்ன தள்ளுற சுவிட்ச் இருக்கும், அதுதான் வைஃபைக்கான சுவிட்ச். சிலதில கீபோர்டுக்கு மேல தொடுற பட்டன், சிலதில எஃப்என் கீயோட சேர்த்து அமத்துற ஒரு எஃப் கீ, அதில அன்டெனா மாதிரி ஒரு படம் போட்டிருக்கும். பையில போட்டு எடுக்கேக்க அந்த சுவிட்ச் தானா தள்ளுப்பட்டு ஓஃப் ஆகி, வருசக்கணக்கா அப்பிடியே கிடக்கும். லைட் ஒண்டு செம்மஞ்சளில இருந்து நீலமா மாறினால் விசயம் முடிஞ்சுது. மகனிட்ட சொல்லி டெர்மினலை, அதாவது கட்டளை எழுதிற ஜன்னலை, திறந்து ஆர், எஃப், கே, ஐ, எல், எல் எண்ட ஆறு எழுத்தையும் சேர்த்தடிச்சு என்டர் அமத்தச் சொல்லுங்கோ. டபிள்யூ, எல், ஏ, என் எண்டு இருக்கிற வரிக்கு நேர ஹார்ட் எண்டதுக்குக் கீழ புளொக்ட் எண்டு இருந்தால் சுவிட்ச்தான் காரணம், எந்த சொஃப்ட்வெயராலயும் அதைத் திறக்கேலாது, கையாலதான் தள்ளோணும்.

சுவிட்சும் சரி, அந்தப் பட்டியல்ல அந்த வரியே இல்லை எண்டால், கார்டுக்கு டிரைவர் இல்லை எண்டு அர்த்தம். வைஃபை சிப் எண்டது தனியா வேலை செய்யாது, கொம்பியூட்டர் எழும்பும்போது அதுக்குள்ள ஒரு குட்டி புரோகிராம் ஏத்தோணும், அதின்ட உரிமை சிப் செய்த கொம்பனிக்காரரிட்ட இருக்கு. சிலர் தாராளமா எல்லாருக்கும் குடுக்கினம், அது லினக்ஸோடயே வரும், இன்டெல் கார்டெண்டால் அநேகமா போட்ட உடனயே வைஃபை வாறது இதாலதான். புரோட்கொம் சிப் இருக்கிற பழைய லப்டொப்புகளில அதைத் தனியா எடுத்துப் போடவேண்டி வரும். இங்கதான் எல்லாரும் மாட்டுப்படுகினம், நெட் வர டிரைவர் வேணும், டிரைவர் எடுக்க நெட் வேணும்.

இதுக்கு வழி உங்கட கையிலயே இருக்கு, போன். அன்ட்ரொயிட் போன் ஒண்டை யூஎஸ்பி கேபிளால லப்டொப்பில குத்துங்கோ. போன் செட்டிங்ஸ்ல ஹொட்ஸ்பொட் எண்டு இருக்கிற இடத்துக்குள்ள போனால் யூஎஸ்பி டெதரிங் எண்டு ஒண்டு இருக்கும், கேபிள் குத்தாத வரைக்கும் அது மங்கலா அமத்தேலாமக் கிடக்கும், குத்தினாப் பிறகு தெளிவா வரும், அதை ஓன் பண்ணுங்கோ. ஒரு அஞ்சு செக்கன்ல லப்டொப்பின்ட கீழ் மூலையில நெட்வேர்க் படம் மாறி வயர்ட் கனெக்ஷன் எண்டு வந்து நிக்கும். லினக்ஸுக்கு போன் ஒரு லேன் கார்ட் மாதிரித்தான் தெரியும், ஒரு டிரைவரும் தேவையில்லை. நான் எத்தனையோ வீட்டில இதைச் செய்து காட்டியிருக்கிறன், அந்தப் படம் மாறுற நேரம் எல்லாற்ற முகமும் மாறும். ஓன் ஆகாமல் மங்கலாவே இருந்தால் கேபிளை மாத்துங்கோ, விலை குறைஞ்ச கேபிள்கள் சிலது சார்ஜ் மட்டும்தான் கடத்தும், டேட்டாவுக்கான கம்பி உள்ளுக்கு இருக்காது. இன்னொண்டு, போன் வீட்டு வைஃபையில நிக்கேக்கயே டெதரிங் போடுங்கோ, அநேகமான போன்கள் அந்த வைஃபையையே லப்டொப்புக்குக் கடத்தும், உங்கட ரீலோட் காசு போகாது.

நெட் வந்தாப் பிறகு மெனுவில பிரிஃபரன்சஸுக்குள்ள அடிஷனல் டிரைவர்ஸ் எண்டு இருக்கிறதைத் திறவுங்கோ, கொஞ்சம் தேடிப்போட்டு புரோட்கொம் எண்டு ஒரு வரி காட்டும், அதைத் தெரிவு செய்து அப்ளை குடுத்து, முடிஞ்சதும் ரீஸ்டார்ட். கொஞ்சம் புது லப்டொப் எண்டால், அதாவது கையெழுத்து இல்லாத டிரைவரை விடாத செக்யூர் பூட் எண்ட பூட்டு இருக்கிறதெண்டால், டிரைவர் போடேக்க ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட்டில ஒரு நீல ஸ்கிரீன் வரும், அதில என்ரோல் மொக் எண்டதைத் தெரிஞ்சு அதே பாஸ்வேர்டைக் குடுக்கோணும். நிறையப் பேர் அந்த நீலத்தைக் கண்டு பயந்து கன்டினியூ அமத்திப்போட்டு டிரைவர் வேலை செய்யேல்ல எண்டினம். அது பிழை இல்லை, நீங்கதான் இந்த டிரைவரைப் போட்டனீங்கள் எண்டு மெசின் உறுதிப்படுத்துது, அவ்வளவுதான்.

*

கேள்வி: அண்ணா, வீட்டுல குட்டி நெட்புக் ஒன்னு இருக்கு, அட்டம் புரொசசர், 1 ஜிபி ரேம். லுபுண்டு பென்ன போட்டா இந்த சிபியூவுக்கு சரிவராதுன்னு வருது. வேற என்ன போடலாம்? போட்டா நெட் வருமா?
(மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்கட புரொசசர் 32 பிட், அதாவது இப்பத்தைய 64 பிட்டுக்கு முந்தின வகை, அந்தக் கால நெட்புக்ல வந்த அட்டம் என்270 எல்லாம் அப்பிடித்தான். லுபுண்டு 19.04இல இருந்து 32 பிட்டை நிப்பாட்டிட்டினம், 32 பிட் இருந்த கடைசி நீண்டகால ஆதரவு வேர்ஷன் 18.04, அதுக்கும் 2021 ஏப்ரலோட ஆதரவு முடிஞ்சுது. 2025 ஓகஸ்டில வந்த டெபியன் 13 எண்ட இன்னொரு லினக்ஸும் 32 பிட் இன்ஸ்டோலரைக் கைவிட்டிட்டுது. டெபியன் 12ஐ வச்சு செய்த அன்டிஎக்ஸ் 23 இருக்கு, அதில 32 பிட் இருக்கு, அதைப் போடுங்கோ.

நெட் வரும். ஆனா அன்டிஎக்ஸ்ல மற்றதுகளில இருக்கிற நெட் இணைப்பைப் பாக்கிற நெட்வேர்க் மனேஜர் எண்ட புரோகிராமுக்குப் பதிலா கொன்மான் எண்ட ஒண்டு இருக்கு, அது வைஃபையை ஓஃபில வச்சிருக்கிறதும் உண்டு. கீழ மூலையில உள்ள படத்தை அமத்தி வாற பெட்டியில டெக்னொலொஜிஸ் எண்ட பகுதியில வைஃபைக்கு நேர ஓஃப் எண்டு இருந்தால் அதை அமத்தி ஓன் ஆக்கிப்போட்டு ஸ்கேன் குடுங்கோ, பெயர்கள் வரும். பப்பி லினக்ஸும் இதுக்கு நல்லதுதான், ஆனா அதில முதல்தரம் ஷட்டவுன் பண்ணேக்க சேவ் பண்ணவோ எண்டு கேக்கும், ஓம் குடுக்காட்டி வைஃபை பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் அழிஞ்சிடும், அடுத்த நாள் முதல்ல இருந்து துவங்கோணும்.

உண்மையைச் சொல்லோணும், 1 ஜிபியில யூடியூப் கிளாஸ் பாக்க கஷ்டப்படுவீங்கள். பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப் திறக்க, எழுத, டைப் பழக நல்லா வரும். ரேமை 2 ஜிபி ஆக்கேலுமெண்டால் ஆக்குங்கோ, கழட்டுறதுக்கு முதல் என்ன வகை ரேம் எண்டு அடியில ஒட்டியிருக்கிறதை போனில படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மின்ட் போட்டிருக்கிறேன். வைஃபை இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, சிக்னலும் முழுதாக இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது, ஆபத்து என்று ஒரு எச்சரிக்கைதான் வருகிறது. கனடாவில் இருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறேன். வைரஸ் ஏதும் வந்துவிட்டதா?
(தெஹிவளை)

பதில்: சேர், வைரஸ் இல்லை. கீழ் மூலையில இருக்கிற மணிக்கூட்டில மௌஸை வச்சு திகதியைப் பாருங்கோ. 2010 எண்டோ 2012 எண்டோ காட்டினால் காரணம் அதுதான்.

ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு அத்தாட்சிப் பத்திரம் இருக்கு, அதில இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும் செல்லும் எண்டு எழுதியிருக்கும், எங்கட அடையாள அட்டை, லைசென்ஸ் மாதிரித்தான். உங்கட லப்டொப் இப்ப 2010 எண்டு நினைச்சுக்கொண்டிருந்தால், அதுக்கு முன்னால நீட்டுற பத்திரம் எல்லாம் இன்னும் பிறக்காத பத்திரம், அதால பிரவுசர் எதையும் நம்பாது. அப்டேட் குடுத்தாலும் இதே காரணத்தால இன்னும் செல்லுபடியாகேல்ல எண்டு பிழை சொல்லி நிக்கும். திகதி ஏன் பின்னால போகுதெண்டால், மதர்போர்டில சிஆர்2032 எண்ட காசு மாதிரி வட்டமான ஒரு பட்டரி இருக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில மணிக்கூட்டை ஓடவைக்கிறது அதுதான், கனகாலம் பாவிக்காமல் அலுமாரியில கிடந்த லப்டொப்பில அது செத்துப்போயிருக்கும். இப்போதைக்கு திகதியையும் நேரத்தையும் கையால சரிப்பண்ணிப்போட்டு பிரவுசரை மூடித் திறவுங்கோ, பக்கங்கள் வரும். நெட் வந்தாப் பிறகு நேரத்தை நெட்டில இருந்தே எடுக்கச் சொல்லிவிடுங்கோ, செட்டிங்ஸ்ல அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. வசதியான நேரம் பட்டரியை மாத்துங்கோ. சில லப்டொப்புகளில அது வயர் பிடிச்சு சுத்திக்கட்டின மாதிரி வரும், அப்பிடி எண்டால் கடையில குடுத்து மாத்திறது நல்லம்.

டைம்ஸோனும் பாருங்கோ, ஏசியா கொழும்பு எண்டு இருக்கோணும், அஞ்சரை. 1996இல இருந்து 2006 வரைக்கும் எங்கட நாட்டு நேரம் முதல் ஆறரையாயும் பிறகு ஆறாயும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும், அந்தப் பழக்கத்தில ஆறு எண்டு தெரிஞ்சவையையும் கண்டிருக்கிறன். விண்டோஸும் லினக்ஸும் ரெண்டும் ஒரே லப்டொப்பில வச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை, ஒண்டில இருந்து மற்றதுக்கு மாறேக்க மணிக்கூடு சரியா அஞ்சரை மணித்தியாலம் பிசகினால் பட்டரியில பிழை இல்லை, விண்டோஸ் மெசின் மணிக்கூட்டை உள்ளூர் நேரமா எடுக்குது, லினக்ஸ் கிரீன்விச் நேரமா எடுக்குது, அந்த வித்தியாசம்தான் அது.

திகதி சரியா இருந்தும் பக்கம் திறக்கேல்ல எண்டால் வேற சோதனை. டெர்மினல்ல பிங் எண்டு ஆங்கிலத்தில அடிச்சு ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 எண்டு போட்டு என்டர் அமத்துங்கோ. வரிவரியா மில்லிசெக்கன் கணக்கு வந்துகொண்டிருந்தால் நெட் இருக்கு, பெயரை நம்பரா மாத்திற டிஎன்எஸ்தான் வேலை செய்யேல்ல. கனெக்ஷனைத் திருத்திற இடத்தில ஐபிவி4 எண்ட பக்கத்தில டிஎன்எஸ் பெட்டி இருக்கும், அதில 1.1.1.1, 8.8.8.8 ரெண்டையும் கமா போட்டு எழுதி, கனெக்ஷனை ஒருக்கா கழட்டித் திரும்ப இணையுங்கோ. வரியே வரேல்ல எண்டால் ரௌட்டர் பக்கம்தான் பாக்கோணும், லப்டொப்பைக் குடையத் தேவையில்லை. மகளோட கதைச்ச உடன ஒரு வரி எழுதிப் போடுங்கோ சேர், எனக்கும் சந்தோசமா இருக்கும்.

*

கேள்வி: எங்கட ஏரியாவில ஃபைபர் இன்னும் வரேல்ல, சிம் போட்டு யூஎஸ்பியில குத்திற டொங்கிள்தான் பாவிக்கிறன். குத்தினால் சிடி டிரைவ் ஒண்டு திறந்து அதுக்குள்ள விண்டோஸ் ஃபைல்தான் இருக்கு. லினக்ஸுக்கு டொங்கிள் ஓடாதெண்டு கடையில சொல்லிட்டாங்கள்.
(வத்தளை)

பதில்: ஓடும். டொங்கிளுக்குள்ள ரெண்டு வேசம் இருக்கு. முதல்ல குத்தின உடன அது சிடி மாதிரி நடிக்கும், விண்டோஸ்காரர் அந்த சிடியில இருந்து புரோகிராமைப் போடுறதுக்காக அப்பிடிச் செய்திருக்கினம், பிறகுதான் மோடமா மாறும். லினக்ஸ்ல இதை மாத்திவிடுறதுக்கு யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் எண்டு ஒண்டு இருக்கு, அநேகமானதில அது ஏற்கனவே இருக்கும், இல்லாட்டி மேல சொன்ன மாதிரி போன் கேபிளால நெட் எடுத்து அதையும் மோடம் மனேஜரையும் போட்டுக்கொள்ளுங்கோ. சிடி திறந்தால் அதை இஜெக்ட் குடுத்துப்போட்டு அரை நிமிசம் பொறுத்துப் பாருங்கோ, சிலது அதிலயே மாறிடும்.

மாறினாப் பிறகு நெட்வேர்க் படத்தில மொபைல் புரோட்பேண்ட் எண்டு வரும். புதுசா ஒண்டு சேர்க்கச் சொன்னால் நாடு கேக்கும், ஸ்ரீலங்காவைத் தெரிஞ்சால் எங்கட கொம்பனிகள் வரிசையா வரும், உங்கட சிம் எதுவோ அதையும் பெக்கேஜையும் தெரிஞ்சால் ஏபிஎன், அதாவது கொம்பனியின்ட நெட்டுக்குள்ள போற வாசலின்ட பெயர், தானாவே நிரம்பும். ஏபிஎன் பிழைச்சால் கனெக்ட் ஆகிற மாதிரிப் போய் உடனே விழும், அப்பிடி நடந்தால் கொம்பனிக்கு கோல் எடுத்து டேட்டா சிம்முக்கு என்ன ஏபிஎன் எண்டு எழுத்தெழுத்தா கேட்டு எழுதுங்கோ. சிம்முக்கு பின் நம்பர் இருந்தால் அதை போனில போட்டு எடுத்துவிடுறது சுகம்.

ஹுவாவேயின்ட இ3372 போல ஹைலிங்க் எண்டு சொல்லுற 4ஜி டொங்கிள் எண்டால் இதொண்டும் வேண்டாம். அது தானே ஒரு குட்டி ரௌட்டர், குத்தின உடன வயர்ட் கனெக்ஷன் எண்டு வந்திடும், பிரவுசர்ல 192.168.8.1 எண்டு அடிச்சால் அதின்ட பக்கம் திறக்கும். மொபைல் புரோட்பேண்டுக்குள்ள அதைத் தேடி நாள் முழுக்க மினக்கெடாதேங்கோ.

டொங்கிள் டேட்டாவில இருக்கிற உங்களுக்கு இன்னொண்டையும் சொல்லோணும். கனெக்ஷனைத் திருத்திற பெட்டியில ஜெனரல் எண்ட பக்கத்தில மீட்டர்ட் எண்டு ஒண்டு இருக்கு, அதை யெஸ் ஆக்குங்கோ, இது எண்ணி எண்ணிச் செலவழிக்கிற டேட்டா எண்டு சிஸ்டத்துக்கு அப்பத்தான் விளங்கும். எல்லா புரோகிராமும் அதை மதிக்கிறேல்ல, அதால அப்டேட்டை கையால, இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில குடுக்கிறமாதிரி மாத்திக்கொள்ளுங்கோ.

*

கேள்வி: லப்டொப் ஓன் பண்ணுற ஒவ்வொரு முறையும் கீரிங் பாஸ்வேர்ட் கேக்குது, குடுக்காட்டி வைஃபை வராது. எரிச்சலா இருக்கு.
(நாரஹேன்பிட்டி)

பதில்: பாஸ்வேர்ட் இல்லாமல் நேரா உள்ளுக்குப் போற மாதிரி ஓட்டோ லொகின் வச்சிருக்கிறீங்கள், அதால வைஃபை பாஸ்வேர்ட் வச்சிருக்கிற பெட்டி பூட்டினபடி கிடக்கு. கனெக்ஷனைத் திருத்திற இடத்தில ஜெனரல் பக்கத்தில எல்லா யூசரும் இந்த நெட்வேர்க்கைப் பாவிக்கலாம் எண்ட பெட்டியில சரி போட்டு, வைஃபை செக்யூரிட்டி பக்கத்தில பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன அடையாளத்தை அமத்தி எல்லா யூசருக்கும் சேமி எண்டதைத் தெரியுங்கோ. பிறகு கேக்காது.

*

கேள்வி: அண்ணா, நாங்க பிளட்ல இருக்கிறம். என்ட லப்டொப்புக்கு பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது, எங்கட வீட்டு வைஃபை மட்டும் சில நாள் தெரியுது சில நாள் இல்லை. தெரியிற நாளிலயும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நிண்டு நிண்டு வருது. லுபுண்டுவ கழட்டிட்டு வேற போடவா?
(தங்கச்சி ஒருத்தி, பம்பலப்பிட்டி)

பதில்: கழட்டாதேங்கோ தங்கச்சி, வேற எதைப் போட்டாலும் இதே கார்ட்தானே. சில நாள் தெரியுது சில நாள் இல்லை எண்டதில இருந்தே எனக்கு விளங்குது, இது சனல் பிரச்சினை. வைஃபை ரௌட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ்ல 1இல இருந்து 13 வரைக்கும் உள்ள சனல்கள்ல ஒண்டில பேசும், ஓட்டோ எண்டு விட்டால் அது தானே ஒவ்வொரு நாளும் கூட்டம் குறைஞ்சதைத் தேடிப் போகும். அமெரிக்காவில 12, 13 பாவிக்கிறது வழக்கமில்லை, அந்தச் சந்தைக்கெண்டு செய்த கார்டுகள் அந்த ரெண்டையும் பாக்கவே பாக்காது. உங்கட ரௌட்டர் 13க்குப் போன நாள் லப்டொப்புக்கு அது இல்லாத மாதிரித்தான். ரௌட்டரின்ட பக்கத்தைத் திறந்து, விலாசம் அநேகமா ரௌட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும், 2.4க்கு சனலை 1, 6, 11 மூண்டில ஒண்டா கையால வச்சுவிடுங்கோ. இந்த மூண்டும்தான் ஒண்டோட ஒண்டு முட்டாதது, பிளட்டில சுத்திவர எத்தனை ரௌட்டர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, முட்டாமல் இருக்கிறது முக்கியம். போனில வைஃபை அனலைசர் மாதிரி ஒரு அப் போட்டுப் பாத்தால் எந்த சனல்ல கூட்டம் குறைவெண்டு படம் மாதிரி தெரியும்.

அந்தப் பக்கத்திலயே செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 மட்டும் எண்டு இருந்தால் டபிள்யூபிஏ2உம் சேர்ந்ததா மாத்துங்கோ, பழைய கார்ட் சிலதுக்கு 3 விளங்காது. பெயருக்குப் பின்னால 5ஜி எண்டு இருக்கிற வைஃபையைத் தேடாதேங்கோ, பழைய லப்டொப் கனக்கத்துக்கு 2.4 மட்டும்தான் இருக்கு.

நிண்டு நிண்டு வாறதுக்கு வேற காரணம், பவர் சேவிங். பட்டரியை மிச்சம் பிடிக்க கார்டை இடைக்கிடை நித்திரை கொள்ள விடுறது, பழைய கார்ட் சிலது நித்திரையால எழும்பக் கஷ்டப்படும். உபுண்டு குடும்பத்தில நெட்வேர்க் மனேஜரின்ட கொன்ஃப் டொட் டீ எண்ட போல்டருக்குள்ள டிஃபோல்ட் வைஃபை பவர்சேவ் ஓன் எண்டு ஒரு ஃபைல் இருக்கு, அதில 3 எண்டு இருக்கிற இலக்கத்தை 2 ஆக்கி சேவ் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்கோ, 2 எண்டால் நித்திரை வேண்டாம் எண்டு அர்த்தம். அட்மின் உரிமையோட திறக்கோணும், இல்லாட்டி சேவ் ஆகாது. விண்டோஸும் அதே லப்டொப்பில இருக்கெண்டால் விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிப்பாட்டுங்கோ, அது முழுசா ஓஃப் ஆகாமல் கார்டை அரைகுறையா விட்டுட்டுப் போறதால லினக்ஸுக்கு வரேக்க கார்ட் எழும்பாமல் கிடக்கிறது உண்டு.

*

கேள்வி: டெபியன் போட்டேன், போடும்போது வைஃபை பாஸ்வேர்ட் குடுத்து நெட்டோடதான் இன்ஸ்டோல் பண்ணினேன். உள்ளே வந்தால் நெட்வேர்க் படத்தில் டிவைஸ் நொட் மனேஜ்ட் என்று மங்கலாக இருக்கு. போடும்போது வந்த வைஃபை போட்ட பிறகு எங்கே போனது?
(மட்டக்குளி)

பதில்: எங்கயும் போகேல்ல, ரெண்டு பேர் ஒரு வேலைக்கு நிக்கினம். இன்ஸ்டோலர் உங்கட வைஃபை விபரத்தை இடிசி போல்டருக்குள்ள நெட்வேர்க், அதுக்குள்ள இன்டர்ஃபேசஸ் எண்ட ஃபைலில எழுதி வச்சிட்டுது, அதில பெயர் இருக்கிற கார்டை நெட்வேர்க் மனேஜர் தொடாது, மற்றவர் பாக்கிறார் எண்டு விட்டிடும். ஃபைலை அட்மினா திறந்து உங்கட வைஃபை கார்டின்ட பெயர் இருக்கிற வரிகள், டபிள்யூஎல்பி எண்டு துவங்கிற பெயர், அந்த வரிகளுக்கு முன்னால எல்லாம் ஒரு ஹாஷ் அடையாளம் போட்டுவிடுங்கோ. எல்ஓ எண்டு இருக்கிற வரிகளைத் தொடாதேங்கோ. ரீஸ்டார்ட் பண்ணினால் வழமையான மாதிரி பெயர் தெரிஞ்சு பாஸ்வேர்ட் போடலாம். கொன்மான், நெட்வேர்க் மனேஜர் ரெண்டையும் சேர்த்து இன்ஸ்டோல் பண்ணி வச்சிருந்தால் அதுவும் இதே சண்டைதான், ஒண்டை வச்சு மற்றதை எடுத்துவிடுங்கோ. நீங்க போட்டது 12 அல்லது அதுக்குப் பிறகு வந்தது எண்டு நினைக்கிறன், 2023 ஜூன்ல வந்த 12இல இருந்துதான் வைஃபை ஃபேம்வெயரை (முதல்ல சொன்ன, சிப்புக்குள்ள ஏத்திற குட்டி புரோகிராமை) இன்ஸ்டோல் பென்னோடயே சேர்த்துத் தருகினம், அதுக்கு முதல் அதையும் வேறயா தேடவேண்டி இருந்தது.

*

கேள்வி: லப்டொப்பில உள்ள வைஃபை கார்ட் உண்மையாவே செத்துப்போச்சு, கடையில பாத்துச் சொன்னவை. யூஎஸ்பி வைஃபை ஒண்டு வாங்கப்போறன், பெட்டியில லினக்ஸ் எண்டு எழுதியிருந்தால் போதுமோ?
(தெமட்டகொட)

பதில்: போதாது. பெட்டியில லினக்ஸ் எண்டு எழுதியிருக்கிறது, ஏதோ ஒரு பழைய கேர்னலுக்கு (லினக்ஸின்ட நடுப் புரோகிராமுக்கு) ஒரு டிரைவர் ஃபைல் சிடியில இருக்கு எண்டதா இருக்கலாம், அதைக் கொம்பைல் பண்ணிப் போட்டாலும் அடுத்த கேர்னல் அப்டேட்டில உடையலாம். பாக்கவேண்டியது உள்ளுக்கு இருக்கிற சிப். மீடியாடெக் எம்டி7601யூ எண்ட சிப் எண்டால் 2015இல வந்த 4.2 கேர்னல்ல இருந்து டிரைவர் உள்ளுக்கே இருக்கு, 2.4 மட்டும்தான், ஆனா குத்தினால் வேலை செய்யும், கிளாசுக்கும் கோலுக்கும் அது காணும். 5 கிகாஹேர்ட்ஸும் வேணுமெண்டால் எம்டி7612யூ நல்லம், அதுக்கும் டிரைவர் கேர்னலுக்குள்ளயே இருக்கு. ரியல்டெக் சிப் கனக்கத்துக்கு இப்ப புதுக் கேர்னல்ல டிரைவர் வந்திட்டுது, ஆனா நீங்க போட்டிருக்கிறது பழைய கேர்னல் எண்டால் கஷ்டப்படுவீங்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளுக்கு சிப் வேற எண்டும் வரும், வேர்ஷன் நம்பரையும் பாருங்கோ.

அதால புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வாங்கினாலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில வாங்கினாலும் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போங்கோ. கடைக்காரரிட்ட மரியாதையா கேட்டு அங்கயே குத்திப் பாருங்கோ, டெர்மினல்ல எல், எஸ், யூ, எஸ், பி எண்ட அஞ்சு எழுத்தையும் சேர்த்தடிச்சால் குத்தினதின்ட பெயர் வாற வரிகளில ஒண்டில இருக்கும், அதோட நெட்வேர்க் படத்தை அமத்தினால் சுத்திவர இருக்கிற கடைகளின்ட வைஃபை பெயர்கள் எல்லாம் கொட்டோணும். கொட்டினால் வாங்குங்கோ. பெயருக்குப் பதிலா டிஸ்க் எண்டு காட்டி சிடி ஒண்டு திறந்தால் அதுவும் வத்தளைக்காரருக்குச் சொன்ன அதே ரெண்டு வேசக் கதை, இஜெக்ட் குடுத்துப் பாருங்கோ, மாறேல்ல எண்டால் வேறொண்டைக் காட்டச் சொல்லுங்கோ. பில்லையும் பெட்டியையும் ஒரு கிழமைக்கு எறியாதேங்கோ.